கண்டியில் எந்தப் பகுதியில் தங்குவது?

கோத்தகிரியில் பிறந்து இப்போது கனடாவில் வாழும் இளைஞர் ஒருவர் அண்மையில் எனக்கு மடல் எழுதியிருந்தார். அவருடைய பாட்டனார் கண்டிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ்த் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டவர். பேரன் முதன்முறையாகக் கண்டிக்குச் செல்கிறார். மூன்று இரவுகள் தங்கப்போகிறார். "நகரின் எந்தப் பகுதியில் தங்குவது நல்லது?" என்பது அவர் கேள்வி.

விடுதிகளின் பட்டியலும் வாடகையும் கணினியைத் தட்டினால் கிடைத்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. ஆனால் கண்டியைப் பொறுத்தவரை எங்கே தங்குகிறோம் என்பதும் எந்த வரலாற்றுக்குள் தங்குகிறோம் என்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விதான். ஆகவே அவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

கொழும்பிலிருந்து சுமார் 115 கிலோமீற்றர் தொலைவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே கிண்ணம் போல் அமைந்த ஊர் கண்டி. மகாவலி கங்கை அதை வளைத்து ஓடுகிறது. 1765இல் ஒல்லாந்தரும் 1803இல் ஆங்கிலேயரும் நகருக்குள் நுழைந்தார்கள், நிலைத்திருக்க முடியவில்லை. படையெடுத்து வந்தவர்கள் தங்க முடியாமல் திரும்பிய ஊர் இது.

முதலில் வாவிக்கரை. புதிதாக வருவோரில் பெரும்பாலோர் விரும்புவது இதைத்தான். தலதா மாளிகை, நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்கள், கடைவீதி எல்லாம் நடந்து போகும் தூரத்தில் உள்ளன. ஆனால் இந்த வாவி இயற்கையானதன்று. வயல்வெளியாக இருந்த நிலத்தை மறித்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்தது, 1812இல் நிறைவுபெற்றது. சுற்றியுள்ள மேகச் சுவர் முழுமையடையவில்லை. மூன்று ஆண்டுகளில் அரசனே பிடிபட்டுவிட்டான். 1815 பெப்ரவரி 18 அன்று அவன் சிறைப்பட்டான். மார்ச் 2ஆம் திகதி அவனுடைய சபாமண்டபத்திலேயே நாடு ஆங்கிலேயருக்குக் கையளிக்கப்பட்டது. அரசன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான்.

அவனுடைய இயற்பெயர் கண்ணசாமி. 1739இல் நரேந்திரசிங்கன் வாரிசின்றி மறைந்தபோது, மதுரையிலிருந்து வந்த பட்டத்தரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏறினான். அன்று தொடங்கிய நாயக்கர் ஆட்சியின் நான்காவது அரசன் கண்ணசாமி. நம்மவர் சிலர் இவர்களைத் தமிழ் மன்னர்கள் என்று உரிமை கொண்டாடுவதுண்டு. அது முழு உண்மையன்று. தெலுங்கு வழிவந்தவர்கள், தமிழைப் புழங்கியவர்கள், பௌத்தத்தைப் பேணியவர்கள். 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதையை மீட்டவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் என்னும் நாயக்கனே.

வாவியின் வடகரையை ஒட்டி மலபார் வீதி என்ற தெரு உண்டு. அரசனின் நாயக்க உறவினர்கள் குடியிருந்த தெரு அது. தென்னிந்தியரை மலபார் என்று ஐரோப்பியர் அழைத்த வழக்கத்தில் எழுந்த பெயர். 1815க்குப் பின் அந்த உறவினர்களும் கடல் கடத்தப்பட்டனர். பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1817-18 கிளர்ச்சியில் முடிக்கு உரிமை கோரியவன் தன்னை துரைசாமி என்னும் நாயக்க உறவினனாகவே அறிவித்துக்கொண்டான் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். அந்நியர் என்று விரட்டப்பட்ட குலத்தின் பெயர், மூன்றே ஆண்டுகளில் கிளர்ச்சியின் கொடியாயிற்று.

இரண்டாவது கடைவீதிப் பகுதி. சிக்கனமான விடுதிகள், சைவ உணவுக் கடைகள், பேருந்து நிலையம், புகையிரத நிலையம் எல்லாம் அருகில். இரைச்சலும் புகையும் அதிகம். கதிர்காம தேவாலயம் கொட்டுகொடெல்ல வீதியின் நெரிசலுக்கு நடுவேதான் இருக்கிறது. தமிழ் வணிகர்களும் முஸ்லிம் வணிகர்களும் தலைமுறைகளாக உழைத்து வளர்த்த தெருக்கள் இவை.

1983 ஜூலை 26 அன்று இந்தத் தெருக்களில் தமிழர் கடைகள் எரிந்தன. அதற்குப் பின்னர் செய்தி சேகரிக்கக் கண்டிக்குச் சென்ற நாட்களில் 'எங்கே தங்குவது' என்ற கேள்விக்கு எங்களிடம் வேறு பொருள் இருந்தது. வாவி தெரியும் அறையா என்று பார்க்கவில்லை. நம்பிக்கைக்குரிய வீடா என்று பார்த்தோம். 1998 ஜனவரி 25 அன்று விடுதலைப் புலிகள் தலதா மாளிகை வாயிலில் லொறிக் குண்டை வெடிக்கவைத்த பின் நிலைமை மேலும் இறுகியது. ஒரு விடுதியில் பதிவேட்டில் என் பெயரைப் படித்த முகாமையாளர், அறை ஒன்றும் காலியில்லை என்றார். சாவிகள் அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அன்றிரவு எனக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தவர் அம்பிட்டியவில் வாழ்ந்த சிங்கள ஆசிரியர் ஒருவர். இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒன்றை விட்டு மற்றதை மட்டும் சொன்னால் கண்டியைப் பற்றிப் பொய் சொன்னதாகும்.

மூன்றாவது கட்டுக்கலையும் மஹியாவையும். கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயில் கண்டித் தமிழரின் முகவரி போன்றது. அதன் சுற்றுப்புறத்தில் தங்கினால் காலையில் மணியோசை கேட்கலாம். மஹியாவையில், நகரைத் துப்புரவு செய்வதற்கென ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் சந்ததியினர் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். வழிகாட்டி நூல்கள் இவ்விடத்தைச் சொல்வதில்லை. அந்த நூல்கள் புகழும் தூய்மையான கண்டி இவர்களுடைய உழைப்பு.

நான்காவது பேராதனை. நகரிலிருந்து சுமார் 6 கிலோமீற்றர். 1821இல் நிறுவப்பட்ட தாவரவியற் பூங்காவும், 1952இல் கொழும்பிலிருந்து இடம்பெயர்ந்த பல்கலைக்கழகமும் இங்குள்ளன. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், மவுண்ட்பேட்டன் தம் தென்கிழக்காசியத் தலைமையகத்தை இங்கேதான் அமைத்தார். தமிழருக்கு இவ்விடம் வேறொரு காரணத்தால் முக்கியம். பேராசிரியர்கள் க. கணபதிப்பிள்ளையும் சு. வித்தியானந்தனும் பணியாற்றிய வளாகம் இது. கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு வித்தியானந்தன் கொண்டுவந்தது இங்கேதான். அமைதியை நாடுவோர் இங்கு தங்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் நகருக்குள் போய்வர நெரிசலில் காத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது ஹந்தானை. நகருக்குத் தெற்கே மலைமேல். காற்று குளிர்ந்தது, பாதை செங்குத்தானது, ஓட்டோ இன்றி ஏறுவது கடினம். 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையில் 2001 முதல் தேயிலை அருங்காட்சியகம் இயங்குகிறது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட கதையை அங்கே காணலாம். அவருக்காகக் கொழுந்து பறித்த கைகளின் கதையை அறிய, வெளியே வந்து லயன்களைப் பார்க்கவேண்டும்.

தமிழகக் கிராமங்களில் மலையகம் முழுவதையும் 'கண்டிச் சீமை' என்றார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளினூடே மாத்தளை வரை நடந்து, வழியில் ஆயிரக்கணக்கில் மடிந்து, எஞ்சியவர்கள் உருவாக்கிய சீமை அது. 1948இல் அவர்கள் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964 அக்டோபர் 30இல் இரு பிரதமர்கள் 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ள. தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட புகையிரதத்துக்கு மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று பெயரிட்டிருந்தனர்.

இனி இளைஞருக்கான என் பரிந்துரை. முதல் இரண்டு இரவுகளை மலபார் வீதிப் பக்கம் வாவிக்கரையில் கழியுங்கள். விடியற்காலையில் வாகனங்கள் பெருகுமுன் வாவியை ஒருமுறை சுற்றிவாருங்கள். கடைவீதியில் சாப்பிடுங்கள், அங்கே உறங்கவேண்டியதில்லை. ஒரு மாலை கட்டுக்கலைக் கோயிலுக்குச் செல்லுங்கள். மூன்றாம் இரவு ஹந்தானைக்கு ஏறிவிடுங்கள். எசலப் பெரஹரா காலமாயின் மாதக்கணக்கில் முன்னதாகவே இடம் பிடிக்கவேண்டும். வாடகை பன்மடங்காகும், வீதிகள் மூடப்படும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். உங்கள் பாட்டனார் பெரஹரா பார்க்கவும், கடவுச்சீட்டு அலுவலுக்காக இந்திய அலுவலகத்தின் முன் வரிசையில் நிற்கவும் கண்டிக்கு வந்திருப்பார். இருட்டுமுன் தோட்டத்துக்குத் திரும்பியிருப்பார். இந்நகரில் அறை எடுத்து ஓர் இரவு உறங்கும் வசதி அவருக்கு வாய்த்திருக்காது. உங்கள் குடும்பத்தில் கண்டியில் விருந்தினராகத் தங்கும் முதல் ஆள் அநேகமாக நீங்களாகவே இருப்பீர்கள். பதிவேட்டில் உங்கள் பெயரை முழுதாக எழுதுங்கள். சென்று வாருங்கள், கண்டதை எனக்கும் எழுதுங்கள்.