ஓர் அடிக்குறிப்பின் சரித்திரம்

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் கூடியிருந்தபோது ஒரு கவிதையின் அர்த்தம் பற்றிச் சர்ச்சை எழுந்தது. ஒருவர், "அணுவுக்குள்ளேயே நிச்சயம் கிடையாது, கவிதையில் மட்டும் எதற்கு?" என்றார். எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். நான் படித்தது ஆங்கில இலக்கியம், உத்தியோகம் வங்கியில் குமாஸ்தா. பௌதிகம் என் துறையல்ல. இருந்தும் அந்த வாக்கியம் வீடு வந்த பிறகும் உறுத்தியது. தேடிப் படித்ததில், அலையையும் நிகழ்தகவையும் முடிச்சுப் போட்டது தத்துவம் அல்ல, ஒரு கணக்கு என்று தெரிந்தது. மின்னேற்றம் கொண்ட ஒரு துகள் ஓர் அணுவில் மோதினால் என்ன ஆகும் என்பதே அந்தக் கணக்கு.

1912இல் ஜே. ஜே. தாம்ஸன் இதைப் பழைய பௌதிகத்தின் வழியில் போட்டுப் பார்த்தார். அணுவிலுள்ள எலெக்ட்ரானைச் சும்மா நிற்கும் சுதந்திரத் துகளாக வைத்துக்கொண்டார். பக்கமாகப் போகும் துகள் அதற்குக் கொடுக்கும் சக்தி, கட்டை அறுக்கப் போதுமானால் எலெக்ட்ரான் வெளியேறும், அணு அயனியாகும். ஹைட்ரஜனில் இந்தக் கட்டின் விலை 13.6 எலெக்ட்ரான் வோல்ட். தாம்ஸனின் கணக்கு ஏற்றம், உச்சம், இறக்கம் என்று ஓரளவு சரியான உருவத்தைத் தந்தது. ஆனால் இறக்கத்தில் பிசகியது. வேகமான துகள்கள் அவர் சொன்னதைவிட அதிக அணுக்களை உடைத்தன.

1926 ஜூனில் மாக்ஸ் போர்ன் மோதல் பற்றி ஐந்து பக்கச் சிறு கட்டுரை ஒன்றைப் பத்திரிகைக்கு அனுப்பினார். மோதிய எலெக்ட்ரான் எந்தத் திசையில் போகும் என்பதை அலை சொல்வதில்லை, எவ்வளவு சாத்தியம் என்பதைத்தான் சொல்கிறது என்பது அவர் முடிவு. கட்டுரையின் உடலில் அலையின் அளவே நிகழ்தகவு என்பதுபோல் எழுதியிருந்தார். புரூஃப் திருத்தும்போது ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தார்: இன்னும் கவனமாக யோசித்தால், அளவு அல்ல, அளவின் வர்க்கம்தான். 1954இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு ஆதாரம் இந்த அடிக்குறிப்பு சொல்லும் விஷயம்தான்.

1930இல் ஹான்ஸ் பேத்தே இந்த முறையைக் கொண்டு தாம்ஸனின் பிசகை விளக்கினார். வேகமான துகள் அணுவை இடிக்க வேண்டியதில்லை. தொலைவில் கடந்து போனாலே அதன் மின்புலம் ஒரு கணம் ஒளிபோல் அணுமீது பட்டு எலெக்ட்ரானை விடுவிக்கலாம். தாம்ஸனின் கணக்கில் விட்டுப்போனது இந்த ஒதுங்கிய சந்திப்புகள்தான். 1933இல் யூத வம்சாவளி காரணமாக இருவருமே ஜெர்மனியில் வேலை இழந்தார்கள். 1935-36இல் போர்ன், ராமனின் அழைப்பில் பெங்களூரில் சில மாதங்கள் இருந்தார். அங்கே நிலைக்க வழி கிடைக்கவில்லை, எடின்பரோ போனார்.

வேகமான துகளுக்குச் சரியாக இருந்த கணக்கு, மெதுவான எலெக்ட்ரானுக்குப் பொருந்தவில்லை. மோதலுக்குப் பின் இரண்டு எலெக்ட்ரான்களும் ஓர் அணுக்கருவும் மிஞ்சுகின்றன. வந்தது எது, உள்ளே இருந்தது எது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மின்விசை தூரத்தில் குறையுமே தவிர அறுந்து போகாது. எவ்வளவு விலகினாலும் மூன்றும் ஒன்றையொன்று விடுவதில்லை. பேரேட்டில் முடிக்க முடியாத கணக்குப் போல. வாசலை ஒட்டிய சக்தியில் இரண்டு எலெக்ட்ரான்களும் எதிரெதிர்த் திசையில் ஊர்ந்து தப்பும் என்றும், அயனியாக்கம் மிகுதிச் சக்தியின் 1.127ஆம் அடுக்காக ஏறும் என்றும் 1953இல் வானியர் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அவர் பயன்படுத்தியது தாம்ஸன் காலத்துப் பழைய இயக்கவியல். 1974இல் ஹீலியத்தை வைத்துச் செய்த பரிசோதனை அவர் எண்ணை உறுதி செய்தது. கடைசியில் 1999இல் ரெஸிக்னோ, பேர்ட்ஷி, ஐஸக்ஸ், மெக்கர்டி என்ற நால்வர், இருப்பதிலேயே எளிய அணுவான ஹைட்ரஜனுக்கு, மூன்று துகள்களும் பிரியும் இந்த மோதலைப் பெரிய கணினிகளில் முழுதாகப் போட்டு முடித்தார்கள். போர்னின் கட்டுரையிலிருந்து 73 வருஷங்கள்.

இந்தச் சரித்திரத்தில் எவரும் "எதுவும் சரிதான்" என்று சொல்லவில்லை. நிகழ்தகவு என்பது அவர்களுக்குச் சலுகை அல்ல. தனி எலெக்ட்ரானைப் பற்றிச் சொல்ல முடியாததை ஒப்புக்கொண்டவர்கள், ஆயிரக்கணக்கான எலெக்ட்ரான்களைப் பற்றித் தாங்கள் சொன்னதற்கு மூன்றாம் தசம ஸ்தானம் வரை பொறுப்பேற்றார்கள். நாம் அவர்களிடமிருந்து சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுப்பை அங்கேயே விட்டுவிட்டோம் என்று எனக்குப் படுகிறது.

இதை நண்பருக்காக மட்டும் எழுதவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஓர் இளம் கவிஞரின் முதல் தொகுப்பை ஒன்றரைப் பக்கத்தில் நிராகரித்து எழுதினேன். புரூஃப் என்னிடம் வந்தபோது, ஒரு கவிதையை நான் தலைகீழாகப் படித்திருந்தது தெரிந்துவிட்டது. 'இதுவும் ஒரு வாசிப்புதானே' என்று சொல்லிக்கொண்டு எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பினேன். அவர் அதற்குப் பிறகு எழுதினாரா, தெரியவில்லை. ஒரு வரி அடிக்குறிப்புக்கு அந்தப் பக்கத்தில் இடம் இருந்தது.