அலங்காரச் சட்டைப்பை மணிக்கூடுகள்

16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரன்பெர்க் நகரப் பூட்டுத் தொழிலாளி பீட்டர் ஹென்லைன் போன்றோர் சுருள்வில்லால் இயங்கும் சிறு மணிக்கூடுகளைச் செய்தனர். அவற்றைக் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கவிட்டு அணிந்தார்கள். மணிமுள் ஒன்றே உண்டு. நேரமும் பெரிதும் பிசகும். ஆகவே வாங்கியவர் பொருளாக மதித்தது கூட்டின் வேலைப்பாட்டைத்தான். 1675இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் சமநிலைச் சக்கரத்துக்கு நுண்சுருள் பொருத்திய பின்னர் துல்லியம் கூடியது, நிமிடமுள்ளும் பரவலாயிற்று. மேற்சட்டைப் பைக்குள் நழுவும்படி மணிக்கூடு தட்டையானது. ஆயினும் அலங்காரம் குறையவில்லை.

கலைத்திறனின் உச்சம் எனாமல் ஓவியமே. பிரான்சின் ஜான் தூத்தேன் 1630 அளவில் இம்முறையைச் செம்மைப்படுத்தினார்; புளுவா நகரிலும் பிறகு ஜெனீவாவிலும் அது தழைத்தது. வண்ணக் கண்ணாடியை மாவாக அரைத்து, மயிரிழைத் தூரிகையால் பொன் தகட்டில் தீட்டிச் சூளையில் இடுவர். சூட்டுக்குத் தகடு வளையாதிருக்க, பின்புறமும் எனாமல் பூசுவர். ஒரே ஓவியம் பலமுறை சூளைக்குப் போகும்; கடைசிச் சூட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் முன்னைய உழைப்பெல்லாம் வீண். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புராணக் காட்சிகளைத் தட்டி எழுப்பிய புடைப்பு வேலை மேலோங்கியது.

கீழைச் சந்தைகளுக்கெனத் தனிப் பாணிகள் பிறந்தன. உதுமானியருக்கு இலண்டன் மணிக்கூட்டாளர் மூன்று, நான்கு உறைகளுள்ளவற்றை அனுப்பினர். சீனாவின் கன்ரனுக்குப் பொவே நிறுவனம் விற்ற மணிக்கூடுகளுள் பல, விளிம்பில் முத்துப் பதித்த சோடிகள். ஒன்றின் ஓவியம் மற்றதில் கண்ணாடிப் பிம்பமாக இடம் மாறியிருக்கும். பின்மூடியின் கண்ணாடி வழியே செதுக்கிய இயந்திரத்தையும் பார்க்கலாம்.

தமிழகத்தில் இத்தொழிலின் பெரிய பெயர் சென்னையின் பி. ஓர் அன்ட் சன்ஸ். பீட்டர் ஓர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய இந்நிறுவனம், மவுண்ட் ரோட்டில் கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்த கட்டடத்தில் மணிக்கூடுகளையும் நகைகளையும் ஒரே கூரையின் கீழ் விற்றது. தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும் அதன் ‘சுவாமி’ வெள்ளி வேலை ஐரோப்பாவிலும் புகழ் பெற்றது. மணிக்கூட்டாளரும் தட்டாரும் அருகருகே வேலை செய்த இத்தகைய கடைகளே தென்னாட்டுச் செல்வர்க்கு இக்கலையை அறிமுகப்படுத்தின.

முதல் உலகப் போருக்குப் பின் கைமணிக்கூடு பரவ, சட்டைப்பை மணிக்கூட்டின் தேவை மங்கியது. பொன் விலையேறிய காலங்களில் பல கூடுகள் உருக்கப்பட்டு, இயந்திரம் மட்டும் எஞ்சியது. அழகுக்காகச் செய்த பாகமே முதலில் அழிந்தது பேரிழப்பு. தப்பியவற்றுள் சில இன்று ஜெனீவாவின் பதெக் பிலிப் அருங்காட்சியகத்திலும் ஐதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் உள்ளன.