ஈஸ்டர் தீவின் குருதிச் சான்று

பசிபிக் சமுத்திரத்திலே, சிலி நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் தொலைவில் தனித்து நிற்பது ஈஸ்டர் தீவு. 1722ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று ஒல்லாந்த மாலுமி ரொக்கவேன் அங்கு சென்றமையால் அப்பெயர் வழங்கலாயிற்று. மாபெரும் கற்சிலைகளை நாட்டிய அத்தீவினர் எத்திசையிலிருந்து வந்தவர்கள் என்பது நெடுங்காலம் வினாவாகவே இருந்தது.

விடை கூறவல்ல முதியோரைத் தீவு கொடிய முறையில் இழந்தது. 1862ஆம் ஆண்டின் இறுதியில் பெரு நாட்டு அடிமை வணிகர் வந்திறங்கி, ஏறக்குறைய 1,500 பேரைக் கவர்ந்து சென்றனர். மிகச் சிலரே மீண்டனர். அவர்களுடன் பெரியம்மையும் வந்தது. 1877இல் எஞ்சியோர் 111 பேரே. பலகைகளிற் பொறித்த அவர்தம் எழுத்தை வாசிப்பாரும் இலராயினர்.

1947இல் நோர்வே நாட்டவரான தோர் ஹெயர்டால், கொன்-டிக்கி என்னும் தெப்பத்திலே பெருவிலிருந்து புறப்பட்டு, 101 நாட்களிற் பொலினீசியாவை அடைந்தார். தீவுகளில் முதலிற் குடியேறியோர் தென்னமெரிக்கரே என்பது அவர் கொள்கை. மொழியாராய்ச்சியும் தொல்பொருளாராய்ச்சியும் அதனை மறுத்து, குடியேறியோர் மேற்கிலிருந்து வந்த பொலினீசியரே என்றன. அங்ஙனமாயின், அமெரிக்காவுக்குரிய வற்றாளைக்கிழங்கு ஐரோப்பியர் வருமுன்னரே பொலினீசியாவிற் பயிரானது எவ்வாறு?

இவ்வழக்கிலே நிர்ப்பீடனத்துக்குரிய பரம்பரையலகுகளும் சாட்சி கூறின. 1958இல் பிரெஞ்சு வைத்தியர் ஜோன் டோசே, வெண்குருதிக் கலங்களில் ஆளுக்காள் வேறுபடும் அடையாளப் பொருளொன்றைக் கண்டறிந்தார். அதற்காக 1980இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றார். எச்.எல்.ஏ. எனப்படும் இப்பொருள்கள், உடலிற் புகுந்த கிருமியின் துணுக்குகளைக் காவற் கலங்களுக்கு எடுத்துக்காட்டுவன. நோய்கள் பலவாதலின் இவற்றின் வகைகளும் ஆயிரக்கணக்கானவை. தாய்வழி ஒரு தொகுதியும் தந்தைவழி ஒரு தொகுதியும் பிள்ளைக்குச் சேரும். சில வகைகள் சில மக்களிடையே மட்டுமே பெரிதும் காணப்படுமாதலால், அவை வமிசத்தின் முத்திரை போல்வன.

கலப்பற்றோர் எனக் கருதப்பட்ட தீவினரிடம் 1971இலும் 2008இலும் பெறப்பட்ட குருதியை நோர்வே அறிஞர் எரிக் தோர்ஸ்பியும் குழுவினரும் ஆராய்ந்தனர். எல்லோரிடத்தும் பொலினீசிய வகைகள் இருந்தன. சிலரிடத்தில் மட்டும் அமெரிக்கப் பழங்குடியினர்க்குரிய வகைகளும் இருந்தன. பெருவிலிருந்து மீண்டோர் கொணர்ந்தவையோ எனும் ஐயம் எழுதல் இயல்பே. ஆயின், அவை 1860களுக்கு முன்னரே தீவிற் புகுந்தவை என்பதை அவர்கள் காட்டினர்.

2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, பாரிஸ் நூதனசாலையிலுள்ள 15 முன்னோரின் எச்சங்களை நோக்கி, அக்கலப்பு ஏறத்தாழ 1250க்கும் 1430க்கும் இடையில் நிகழ்ந்ததெனக் கணித்தது. ஐரோப்பியர் வருமுன்னரே இரு கரை மக்களும் உறவு பூண்டிருந்தனர். ஹெயர்டாலின் குடியேற்றக் கொள்கை வீழ்ந்தது; கடல் கடந்த உறவு என்னும் கருத்தோ நிலைத்தது.

ஏட்டையும் முதியோரையும் இழந்த மக்களுக்கு இச்செய்தி சிறிதன்று. அம்முன்னோரின் எலும்புகள் தாயகம் திரும்பவேண்டும் என்பதே தீவினரின் வேண்டுகோள்.