கடற்பாசியும் கழுத்துக் கழலையும்

ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கரையில் நாம் காண்பது வலை உலர்த்தும் மணற்பரப்பே. கடற்பாசிக்கு உண்மையான வேர் இல்லை; பற்றிக்கொள்ளப் பாறை வேண்டும். ஆகையால் அடையாற்று முகத்துவாரத்தை அடுத்த இக்கரையில் தேடுவோர்க்குப் பெரும்பாலும் அலை ஒதுக்கிய துணுக்குகளே கிட்டும். பாசியின் நாடு தெற்கே உள்ள மன்னார் வளைகுடா. இராமநாதபுரக் கரையோரத்தார் ஒருவகைச் செம்பாசியைக் கஞ்சியாகக் காய்ச்சி உண்டனர். அதற்குக் கஞ்சிப்பாசி என்றே பெயர். சென்னைத் தாவரவியல் அறிஞர் எம். ஓ. பி. ஐயங்கார், பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி 1927இல் எழுதினார்.

உண்ட பாசி உடலில் என்னவாகிறது? மாணவ நேயர்களே, பாடநூல்கள் இதனை இரண்டு வரியில் முடித்துவிடும். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் இதற்கு ஒரு பாடவேளை முழுவதையும் எடுத்துக்கொள்வேன்.

1811இல் பிரான்சில் பெர்னார் கூர்த்துவா என்பவர், வெடியுப்புத் தொழிலுக்காகக் கடற்பாசிச் சாம்பலைக் கையாண்டு வந்தார். ஒரு நாள் கந்தக அமிலம் மிகுதியாகச் சேரவே, ஊதா நிற ஆவி எழுந்தது. அதுவே அயோடின். கழுத்துக் கழலைக்குச் சுட்ட கடற்பஞ்சைக் கொடுப்பது ஐரோப்பாவில் பழைய வழக்கம். அப்பஞ்சிலும் அயோடினே மருந்தாயிருத்தல் வேண்டும் என ஊகித்த ஜெனீவா மருத்துவர் குவாந்தே, 1820இல் அதனை நோயாளிகளுக்கு அளித்தார். பலர்க்குக் கழலை சுருங்கியது. அளவு மீறி உண்டவர்க்குத் தீங்கும் நேர்ந்தது. 1895இல் ஜெர்மானியர் பவுமான், தைராய்டுச் சுரப்பியிலேயே அயோடின் இருப்பதைக் கண்டார். அதன் பின்னரே காரணம் விளங்கிற்று. குடலிலிருந்து இரத்தத்தில் கலக்கும் அயோடைடை அச்சுரப்பி ஈர்த்துத் தன் சுரப்புநீரை ஆக்குகிறது. வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராமே. எனினும் கருவுற்ற தாய்க்கு அது பெரிதும் குறைந்தால், பிறக்கும் குழந்தையின் அறிவு வளர்ச்சியே குன்றிவிடும்.

மலைநாட்டார்க்குப் பாசி ஏது? இமயமலைச் சாரலில் உள்ள காங்க்ராப் பள்ளத்தாக்கில், 1956இல் இராமலிங்கசுவாமி முதலியோர் ஓர் ஆய்வைத் தொடங்கினர். உப்பில் அயோடின் கலந்து கொடுத்தால் கழலை குறையும் என்பதை அது மெய்ப்பித்தது.

கஞ்சிப்பாசியை உறையச் செய்யும் அகர் என்னும் பொருளின் கதை வேறு. அதைப் பிளக்கும் நொதி நம் உடலில் இல்லை. பெரும்பாலும் செரியாமலே பெருங்குடலை அடைகிறது. ஆயினும் 2010இல் ஒரு விந்தை வெளியாயிற்று. நோரிப் பாசியை உண்டு பழகிய ஜப்பானியர் குடலில் வாழும் ஒரு நுண்ணுயிர், அப்பாசியின் சர்க்கரைச் சங்கிலியைப் பிளக்கும் மரபணுவைக் கடல் நுண்ணுயிர்களிடமிருந்து பெற்றிருந்தது. ஒப்பிடப்பட்ட வட அமெரிக்கர் குடலில் அது காணப்படவில்லை. பிளந்ததை முதலில் உண்பது அந்நுண்ணுயிரே. அது வெளிவிடும் சிறு கொழுப்பமிலங்களே நம் பங்கு.