வேறொருவரின் செல், உங்கள் உடலில்: ரத்தப் புற்றுநோய்க்கு ‘ரெடிமேட்’ கார்-டி சிகிச்சை எப்படி வேலை செய்கிறது?

கார்-டி சிகிச்சை பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நோயாளியின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி செல்களைப் பிரித்தெடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும் மரபணுவைச் சேர்த்து, மறுபடி அவருக்கே ஏற்றுவார்கள். ஐஐடி பாம்பேயும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 இந்த வகைதான். அமெரிக்காவில் 2017-ல் வந்த முதல் கார்-டி மருந்தின் விலை 4,75,000 டாலர். நெக்ஸ்கார்19 அறிமுகமானபோது சுமார் 40 லட்சம் ரூபாய். குறைவுதான், ஆனால் யார் கையில் இருக்கிறது அவ்வளவு பணம்?

பணம் கிடைத்தாலும் நேரம் வேண்டுமே. டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைப்பது மாதிரி, ஒவ்வொருவருக்கும் தனியாகத் தயாரிக்க வாரக்கணக்கில் ஆகும். வேகமாகப் பெருகும் லுகேமியா அதுவரை காத்திருக்காது. பல சுற்று கீமோ எடுத்தவரின் டி செல்களும் சோர்ந்துபோயிருக்கும்.

சரி, ஆரோக்கியமானவரின் செல்லை முன்கூட்டியே தயாரித்து உறைய வைத்தால்? ரெடிமேட் சட்டை மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். தானமாக வந்த டி செல், நோயாளியின் உடலையே எதிரியாக நினைத்துத் தாக்கும். நோயாளியின் உடலும் அந்தச் செல்லை விரட்டும்.

லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை 2015-லேயே மரபணு திருத்திய தான செல்களை ஒரு குழந்தைக்குக் கொடுத்தது. 2022-ல் இன்னும் கடினமான ஒன்றை முயன்றார்கள்: டி செல்லிலேயே வரும் லுகேமியா. டிஎன்ஏவைத் துண்டாக வெட்டாமல், ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, மூன்று மரபணுக்களை அணைத்தார்கள். ஒன்று, நோயாளியின் உடலைத் தாக்க வைக்கும் ஏற்பி. இன்னொன்று சிடி52, அது இல்லாததால், நோயாளியின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து இந்தச் செல்களைக் கொல்லாது. மூன்றாவது சிடி7. புற்றுநோய் செல்லின் அடையாளமும் அதுதான், சிகிச்சை செல்லிலும் அதே இருக்கிறது. அதை நீக்காவிட்டால் சிகிச்சை செல்கள் ஒன்றையொன்று கொன்றுவிடும்!

முதல் நோயாளிக்கு 28 நாட்களுக்குள் புற்றுநோய் தடயமே இல்லை. ஆனால் 2023-ல் வெளியான முதல் மூவரின் முடிவுகளைச் சேர்த்துப் பாருங்கள். இருவர் நோய் தணிந்து எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் போனார்கள். ஒருவர் பூஞ்சைத் தொற்றால் இறந்தார். புற்றுநோயோடு சேர்த்து நல்ல டி செல்களும் அழிவதால் உடல் சில வாரங்கள் காவலின்றி நிற்கிறது. அதனால்தான் இங்கே இந்தச் சிகிச்சை மஜ்ஜை மாற்றுக்குக் கொண்டுசேர்க்கும் பாலம், அதற்கு மாற்று இல்லை. தலைப்புச் செய்திகளில் இது பெரும்பாலும் விட்டுப்போகிறது.

உங்கள் வீட்டில் யாருக்காவது மருத்துவர் ‘கார்-டி’ என்றால், கேட்க வேண்டியவை: யாருடைய செல்? தயாராக எத்தனை நாள்? பிறகு மஜ்ஜை மாற்று தேவையா, அதற்குப் பொருந்தும் கொடையாளர் இருக்கிறாரா? சொல்லும் தொகையில் ஐசியு செலவும் சேருமா?