தொட்டறிய இயலாத உஷ்ணம்: செங்கற்பட்டு வட்டாரத்தில் வெப்பக் காப்பும் அகச்சிவப்பு அளவீடும்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரக் கடற்கரை வரை பரந்துள்ள பிரதேசத்தில், உஷ்ணத்தினின்றும் தம்மைக் காத்துக்கொள்ள மக்கள் செய்துவந்த ஏற்பாடுகளை ஆராயப் புகுவோர்க்கு, அவற்றின் குணதோஷங்களை நெடுங்காலம் சோதித்துவந்த கருவி மனிதனுடைய கையே என்பது முதற்கண் புலனாகும். தேக்கு உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக மூலைவாட்டில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து மரக்கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பாவி முடித்த மெட்ராஸ் டெரஸ் மாடிகள், உச்சிவெயிலின் வெப்பம் உட்கூரையை எட்டுவதை வெகுவாகத் தாமதப்படுத்தின. எனினும் மாடியின் கனம் எவ்வளவு வேண்டும் என்பதைக் கொத்தனார் சூத்திரத்தால் கணித்தாரல்லர், தொட்டறிந்த அநுபவத்தாலேயே நிர்ணயித்தார். இம்முறை செல்லுபடியாகாத இரண்டு ஸ்தலங்கள் இருபதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்திலேயே தோன்றின. திருமணியில் தொழுநோயாளியின் கை உணர்விழந்திருந்தது. கல்பாக்கத்தில் அணு உலையை எவர் கையும் நெருங்க இயலாதிருந்தது. இவ்விரு குறைகளும் வெவ்வேறு வழிகளில் அகச்சிவப்பு அளவீட்டை நாடிச் சென்ற வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

தொடாமல் வெப்பத்தை அறியும் வித்தையின் தொடக்கம் 1800ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகம் பிரித்த சூரிய ஒளியில் கருமை பூசிய குமிழுடைய வெப்பமானிகளை வைத்துப் பார்த்தபோது, செந்நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தோன்றாத இடத்தில் பாதரசம் மிகுதியாக ஏறக் கண்டார். ஒரு பொருள் வீசும் கதிரின் வலிமை அதன் தனி வெப்பநிலையின் நான்காம் படிக்கேற்ப வளர்கிறது என்பதை ஸ்டெபான் 1879இல் வெளியிட்டார். மெல்லிய பிளாட்டினத் தகட்டின் மின்தடை மாறுவதைக்கொண்டு நுண்ணிய கதிரையும் அளக்கும் போலோமீட்டரை லாங்லி அக்காலத்தையொட்டி இயற்றினார். வெப்பம் ஏற ஏறக் கதிரின் உச்சம் குறுகிய அலைநீளத்துக்கு நகரும் என்பதை வீன் 1893இல் நிறுவினார். இவ்விதியின்படி மனித உடலின் கதிருக்கு உச்சம் 9 மைக்ரோமீட்டர் அளவிலும், 547 டிகிரி செல்சியஸில் உள்ள பொருளின் கதிருக்கு 3.5 மைக்ரோமீட்டர் அளவிலும் அமைகின்றன.

திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் விடுதியே 1955இல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாயிற்று. தொழுநோய் நரம்புகளைத் தாக்குங்கால் சூடு, குளிர்ச்சி அறியும் உணர்வு முன்னதாகவே மங்குவதால், நோயாளியைக் கண்மூடச் செய்து, வெந்நீரும் தண்ணீரும் நிரப்பிய இரு குழாய்களை மாறி மாறித் தோலில் ஒற்றிக் கேட்பது இந்நோயைக் கண்டறியும் எளிய சோதனைகளில் ஒன்று. இத்தகையோர்க்குக் கொதிக்கும் டீ டம்ளரும், பிடிதுணியின்றி இறக்கும் சோற்றுப் பானையும், விரலிடுக்கில் எரிந்து முடியும் பீடியும் வலியின்றியே புண் உண்டாக்கிவிடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பால் பிராண்ட், டாக்டர் ராபர்ட் காக்ரேன் பொறுப்பிலிருந்த இவ்விடுதிக்கு 1947இல் வந்து முடங்கிய கைகளைக் கண்டதே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. அங்கங்கள் நோயினால் தாமே அழுகுகின்றன என்ற நம்பிக்கையை மறுத்து, உணரப்படாத காயங்களே பெரும்பாலான சேதத்துக்குக் காரணம் என்று அவர் நிறுவினார். பின்னர் 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற அவர், உணர்விழந்த பாதங்களை வெப்பப் படங்களால் ஆராய்ந்து, புண் வெடிக்குமுன்னரே அவ்விடம் சூடேறுவதைக் கவனித்தார். வலி சொல்லாததைக் கதிர் சொல்லிற்று.

கல்பாக்கத்தில் 1971இல் ஸ்தாபிக்கப்பட்ட அணு உலை ஆராய்ச்சி மையம், வேகப் பெருக்கிச் சோதனை உலை முதன்முதலாக இயங்கத் தொடங்கிய 1985ஆம் ஆண்டிலேயே இந்திரா காந்தியின் பெயரைப் பெற்றது. இவ்வகை உலைகளில் வெப்பத்தைச் சுமப்பது திரவ சோடியம். அது 98 டிகிரியில் உறைந்துவிடுமாதலால், குழாய்களை மின்கம்பிகளால் முன்னதாகச் சூடேற்றி, கனிம இழைக் காப்பினால் பொதிந்து, அதன்மேல் உலோகத் தகடு போர்த்துகின்றனர். கல்பாக்கத்து 500 மெகாவாட் முன்மாதிரி வேகப் பெருக்கி உலையின் வடிவமைப்பில் சோடியம் 397 டிகிரியில் உட்புகுந்து 547 டிகிரியில் வெளிப்படுகிறது. அவ்வளவு வெப்பத்துக்கும் அருகே நிற்கும் கான்கிரீட் அறைச்சுவரை 65 டிகிரிக்குள் வைத்திருக்க, உலைக்கலத்தைச் சூழ்ந்த பாதுகாப்புக் கலத்தின் புறத்தே துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளாலான காப்பும், சுவரினுள்ளே நீர்க்குழாய்களும் அமைக்கப்பட்டன. மாடி வீட்டில் வெப்பம் உட்புகாமல் தடுத்தால் போதும்; இங்கோ சோடியத்தின் சூடு குறையாமலும், சுவருக்குச் சூடு ஏறாமலும், இருபுறமும் காக்கவேண்டியிருந்தது.

ஆயின் காப்பு சிறக்குந்தோறும் அதனுள் நேரும் பழுது மறைவாகிறது. நுண்ணிய கசிவு காப்பினுள்ளேயே தங்கிவிடும் என்பதால், பீங்கான் மணிகள் கோத்த மின்கம்பியைக் குழாயின்மீதே சுற்றி, சோடியம் பட்டவுடன் மின்சுற்று குறுகி எச்சரிக்குமாறு செய்தனர். காப்பின் மெலிவைக் காட்டக்கூடியது வெப்பப் படக் கருவி. ஆனால் பளபளக்கும் அலுமினியத் தகடு தன் கதிரில் மிகச் சிறு பங்கையே வீசி, சுற்றுப்புறத்தின் கதிரைப் பிரதிபலிப்பதால், கருவி காட்டும் எண் பொய்யாகும். அதனால், அளக்கவேண்டிய இடத்தில் கருநிற வண்ணத்தையோ நாடாவையோ இட்டு அங்கே நோக்குவது இத்துறையின் வழக்கம். மனிதத் தோலுக்கு இவ்வுபாயம் வேண்டியதில்லை. நிறம் எதுவாயினும், கதிரை வீசும் திறனாகிய அதன் உமிழ்திறன் 0.98 அளவில் நிற்கிறது.

ஆலைப் பொறிகளின் பழுதறியப் பயின்ற இக்கலையைக் கல்பாக்கத்தார் உடலுக்கும் பிரயோகித்தனர். பகவதியப்பன், ஜான் பிலிப் முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இரத்த ஓட்டம் மந்தித்த கால்பகுதிகள் மற்றப் பகுதிகளைவிட 0.7 முதல் 1 டிகிரி வரை மிகுந்திருப்பதைக் காட்டிற்று. நீரிழிவினால் உணர்விழந்த பாதங்களுக்கோ, இரு கால்களின் ஒத்த இடங்களிடையே 2.2 டிகிரி வேற்றுமை நீடித்தால் நடையைக் குறைக்கவேண்டும் என்ற விதி மருத்துவத்தில் வழங்கிவருகிறது. ஆதலின், உணர்விழந்த பாதத்துக்குச் செருப்பு செய்வோரும், உலைக்குழாய்க்குக் காப்பு பொதிவோரும், பழுதை வெளிப்படுத்தும் அளவீட்டைப் பிற்சேர்க்கையாக எண்ணாது, காப்பின் ஓர் அங்கமாகவே முதலிலிருந்து வகுத்துக்கொள்ளவேண்டும் என்பது இவ்வரலாற்றால் பெறப்படும் முடிபு.