ஊட்டிக் குளிரும் புல்லட் உதையும்

புல்லட் பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரில். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்க, வண்டி திருவொற்றியூர் வெயிலுக்கு வந்தது. ஆனால் ஊட்டியின் ஜனவரி உறைபனியில் சில வாரம் சும்மா நிறுத்தினால் சண்டித்தனம்தான்! குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. தேங்கிய பழைய பெட்ரோலோ பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைத்துவிடும். ஈரத்தில் பாயிண்டும் பூத்துப்போகும்.

எனவே ஜெட்டைக் கழற்றி ஊதி, பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, சோக் போடவேண்டும். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரசரைப் பிடித்து பிஸ்டனைச் சற்றே மேல்முனை தாண்டவிட்டு, லிவரை விட்டபின் ஒரே உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பியடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும்.

பட்டன் ஸ்டார்ட் 2000-களில் வந்தது. 2020-ல் பி.எஸ்.6 விதியோடு புது வண்டிகளில் கார்புரேட்டரும் போயிற்று. பழைய வண்டிக்காரர்களுக்கு மட்டும் ஜனவரி வந்தால் இன்றும் அதே உதைதான்.